மலைக்குப் போன மகன்மாரும் படத்தில் பார்த்த மகள்மாரும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள். இடையில் நிறுத்தி ஏச வேண்டாம்.

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தோம். தரம் 10, 11 புவியியல் பிள்ளைகளை ஒரு நாள் திருகோணமலைக்குக் கூட்டிப்போய், கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் மலையின் ஓங்கலைக் காட்டிவிட்டு அஸருக்கு முன் ஊர் திரும்பலாம் என்று கேட்டோம். எந்த பஸ், எத்தனை ஆசிரியைகள், எந்தெந்தப் பிள்ளையின் உம்மா கூட வருகிறார் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போனோம். தாளை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆம்புளப் புள்ளையளக் கூட்டிப் போங்க சேர், பிரச்சின இல்ல. பொம்புளப் புள்ளையளுக்கு என்னத்துக்கு மல?"

கூட்டம் அதோடு முடிந்தது. சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு மூத்தவர், ஊருக்கு உழைத்தவர். அதனால்தான் அங்கே வாய் திறக்காமல் வந்தோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதை அவருக்கு மட்டும் சொன்னால் போதாது, ஊருக்கே சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பக்கத்துக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறோம். பல வருடங்களாக நாங்கள் கரும்பலகையில் நாலு படம் கீறிக் கடலரிப்பைப் படிப்பித்து வருகிறோம். முதல் படத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. இரண்டாவதில் அதன் பக்கத்தில் ஒரு குகை. மூன்றாவதில் குகை இரண்டு பக்கமும் துளைத்து வளைவாகி நிற்கும். நாலாவதில் வளைவின் கூரை விழுந்து, கரையிலிருந்து பிரிந்து கடலுக்குள் தூண் மாதிரி ஒரு பாறை தனியே நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கீறுகிறார்கள், பெயர் குறிக்கிறார்கள், புள்ளியும் எடுக்கிறார்கள்.

ஒரு நாள் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், ஓங்கல் எண்டா எவ்வளவு உசரம் இருக்கும்? நம்மட பள்ளி மினாரா அளவா?"

கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பாலம் தாண்டினால் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத இடத்தில், நூறு மீற்றருக்கு மேல் உயரமான ஓங்கல் ஒன்று நிற்கிறது. நாட்டின் தென்முனையில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் சனம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எங்கள் பிள்ளை அதற்கு மினாராவை அளவுகோலாக வைக்கிறாள். அந்த வகுப்பில் "மலைக்குப் போனவர்கள் கை உயர்த்துங்கள்" என்றோம். ஆண் பிள்ளைகளில் கை உயர்த்தாதவனைத் தேட வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளில் உயர்ந்தது மூன்று கை.

இனி ஊரில் சொல்லப்படுகிற காரணங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

"காலம் சரியில்ல, பித்னா."

காலம் எப்போது சரியாக இருந்தது? யுத்த காலத்திலும் சரியில்லை, சுனாமிக்குப் பிறகும் சரியில்லை, 2019க்குப் பிறகும் சரியில்லை. காலம் சரியாகட்டும் என்று நாம் காத்திருந்த ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போய்விட்டார்கள். நாங்கள் கேட்டது இரவு தங்கும் பயணம் இல்லை. லுஹரை அங்கேயே தொழுதுவிட்டு அஸருக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற பயணம். மார்க்கத்தின் பெயரால் இதைத் தடுக்கிறவர்கள், மார்க்கம் எங்கே தடுக்கிறது என்று உலமாக்களிடம் கேட்டு வரட்டும், நாங்கள் கட்டுப்படுகிறோம். எங்களுக்குத் தெரிந்த குர்ஆன் பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி பல இடங்களில் சொல்கிறது. மலைகள் எப்படி நாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க மாட்டார்களா என்று கேட்கிறது. அந்தக் கேள்வி ஆண்களை மட்டும் பார்த்துக் கேட்கப்பட்டதாக எந்த ஹஸ்ரத்தும் எங்களுக்கு ஓதித் தரவில்லை.

"கோயில் இருக்கிற இடம்."

ஆம், கோயில் இருக்கிறது. நமக்கு நேற்றுத் தெரிந்த விஷயமா இது? திருஞானசம்பந்தர் பாடிய காலத்திலிருந்தே அறியப்பட்ட தலம். 1620களில் போர்த்துக்கேயர் அதை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடியபோது பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். இப்போதைய கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல் நடந்தது. இதைச் சொன்னால் ஈமான் குறைந்துவிடாது. நம் மாவட்டத்தின் வரலாறு இது. பக்கத்து வீட்டுக்காரரின் வரலாறு தெரியாமல் எப்படி அவரோடு சேர்ந்து வாழ்வது?

இப்னு பதூதா 1344இல் இந்த நாட்டுக்கு வந்தார். காழியாராக இருந்தவர், மார்க்கம் தெரிந்தவர். பாவா ஆதம் மலை ஏறினார். திரும்பும் வழியில் தெற்கே கடலோரத்தில் இருக்கிற தெவிநுவரவுக்கும் போய், அங்கிருந்த பெரிய கோயிலையும் கண்டு எழுதி வைத்தார். அதுவும் ஒரு கடல்முனைதான். கண்டதால் அவருடைய மார்க்கம் கெடவில்லை. அவர் எழுதி வைத்ததால் 14ஆம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி நமக்கு இன்று ஒரு சாட்சி இருக்கிறது. கோயிலுக்குள் வணங்கப் போகச் சொல்லி யாரும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றி, பூசை நேரத்தில் சத்தம் போடாமல், ஓங்கலையும் கடலையும் பார்த்துவிட்டு வரப்போகிறோம். நம் பள்ளிக்கு வருகிற மாற்று மதச் சகோதரர்களிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அவ்வளவுதான்.

"ஆபத்து சேர். ஒண்டுக்கு ஒண்டு ஆனா ஆரு பதில் சொல்ற?"

இந்தக் காரணத்தை மட்டும் நாங்கள் லேசாக எடுக்க மாட்டோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் நடந்ததை இந்த ஊரில் யார் மறந்தது? பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளைத் தண்ணீரில் பறிகொடுத்தோம். ஒரு உம்மா பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்துக்கு நாங்கள் தலை குனிகிறோம்.

ஆனால் அன்று நாம் என்ன கேட்டோம்? "பாலத்தைக் கட்டித் தாருங்கள்" என்று கேட்டோம். "பிள்ளைகளின் படிப்பை நிறுத்துங்கள்" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆபத்து இருந்தால் பாதையைப் பாதுகாப்பாக்க வேண்டும் என்று நமக்கு அன்றே விளங்கியிருந்தது. அதே புத்தியை இதற்கும் பாவியுங்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, கம்பி வேலிக்கு எத்தனை அடி தள்ளி நிற்பது என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அந்தத் தாளில் பதில் இருந்தது.

ஆபத்து என்ற பேச்சை எடுத்ததால் இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். இது சிலருக்குக் கசக்கும்.

ஆபத்து என்று சொல்லி மகள்மாரை வீட்டில் வைத்த அதே ஊர், பெருநாள் மூன்றாம் நாள் மகன்மாரை என்ன செய்தது? வேன் பிடித்துக் கொடுத்தது. கையில் காசு கொடுத்தது. அவர்களோடு ஒரு பெரியவர் போகவில்லை. அவர்கள் போட்ட வீடியோக்களை நாம் எல்லோரும் பார்த்தோம். கம்பி வேலிக்கு வெளியே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி நிற்கிறான் ஒருவன். படம் எடுக்கிறவன் "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போடா" என்கிறான். அதற்கு நானூறு லைக். அதில் நம் ஊர் வாப்பாமாரின் லைக்கும் இருந்தது. மாணவிகள் ஆசிரியைகளோடு வேலிக்கு உள்ளே நின்று பார்ப்பது ஆபத்து. மகன் வேலிக்கு வெளியே தொங்குவது பெருநாள் சந்தோசம். இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

பெருநாள் முடிந்த கிழமை நாங்கள் சிலர் மலைக்குப் போயிருந்தோம், பயணத்துக்கு முன்னாயத்தமாக இடம் பார்க்க. கோட்டைக்குள் புள்ளிமான்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மான் லன்ச் ஷீட் ஒன்றைச் சவைத்துக்கொண்டு நின்றது. சாப்பாட்டு வாசனை ஒட்டியிருந்தால் அதற்கு அதுவும் சாப்பாடுதான். பொலித்தீன் வயிற்றில் செமிக்காது. அங்கேயே கிடக்கும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், மான் மெலிந்துகொண்டே போகும்.

பாதையோரம் கடை வைத்திருக்கிற அம்மா ஒருவர் எங்கள் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "குறை நினைக்காதீங்க தம்பி. உங்கட பெருநாளுக்குப் பிள்ளையள் வந்திட்டுப் போனா, கூட்டி அள்ள எங்களுக்கு ரெண்டு நாள் செல்லும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் மரியாதையாகச் சொன்னார். எங்களிடம் பதில் இல்லை.

உடனே ஒருவர் கீழே வந்து எழுதுவார்: "மத்தவன் போடயில்லையா? விடுமுறைக்கு வாற பஸ்காரன் எல்லாம் போடுறான்தானே?" போடுகிறார்கள்தான். நாங்களும் பார்த்தோம். ஆனால் பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மூன்றாம் வகுப்பிலேயே மனனமிட்டவர்கள் நாம். மற்றவன் போட்டதை அகற்றச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, மற்றவனும் போடுகிறான் என்று கணக்குக் காட்டுவது நமக்கு அழகா?

நாலாவது காரணம்தான் எங்களை அதிகம் நோகடித்தது. "போனில யூடியூப்ல போட்டுக் காட்டுங்க. அங்க போய்ப் பார்த்தா மட்டும் என்ன கூடுதலாத் தெரியப் போகுது?"

என்ன கூடுதலாகத் தெரியும் என்று சொல்கிறோம்.

கொட்டியாரக் குடாவின் கரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கடல் என்றால் பெரும்பாலும் அடங்கிய தண்ணீர். மகாவலி வந்து விழுகிற குடா அது. மலையின் உச்சியில் நின்றால் வெளிக்கடலைக் காண்பாள். ஒரு பக்கம் டச் பே, மறு பக்கம் பெக் பே, நடுவில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பாறை. அலை நேராகத்தான் வருகிறது. ஆழம் குறையக் குறைய அது வளைகிறது. வளைந்து முனையைச் சுற்றிப் பிடித்து அதன் மேலேயே தன் பலத்தைக் குவிக்கிறது. குடாவுக்குள் போகிற அலை பரந்து விரிந்து களைத்துப் போகிறது. அதனால்தான் முனையில் பாறை வெட்டுப்படுகிறது, குடாவில் மணல் சேர்கிறது. ஒரே இடத்தில் நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்தால் இரண்டையும் காணலாம். எந்த வீடியோ இதைக் காட்டும்? வீடியோ எடுத்தவன் தன் முகத்தையல்லவா காட்டுகிறான்!

இராவணன் வெட்டு என்று ஒரு பிளவு இருக்கிறது. அதற்கு ஒரு புராணக் கதை இருக்கிறது. அதை நம்புகிறவர்கள் நம்பட்டும். புவியியல் பிள்ளைக்கு அது பாறையில் இருந்த வெடிப்பைத் தண்ணீர் எப்படிப் பாவிக்கும் என்று சொல்லித் தருகிற பாடம். இந்த நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மாதிரி இலகுவில் கரையாது. அப்படியான கல்லையும் அலை எங்கே தாக்குகிறது? பலவீனமான கோட்டைத் தேடிப் பிடிக்கிறது. வெடிப்புக்குள் புகுகிற அலை உள்ளே இருக்கிற காற்றை நெருக்கும். அலை பின்வாங்கும்போது அந்தக் காற்று விடுபட்டுக் கல்லை உடைக்கும். ஒவ்வொரு அலைக்கும் இது நடக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவள், பரீட்சைத் தாளில் "நீரியல் தாக்கம்" என்று மனப்பாடத்தில் எழுத மாட்டாள். விளங்கி எழுதுவாள்.

கடலுக்குள் தனியே நிற்கும் பாறைத் தூண்களும் அப்படித்தான். அவை நிலைத்து நிற்கிற மாதிரித் தெரியும், நிற்பதில்லை. அவுஸ்திரேலியாவில் "பன்னிரண்டு அப்போஸ்தலர்" என்று பெயர் பெற்ற தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்து கற்குவியலாகியது. மோல்ட்டாவில் இயற்கையாகவே உண்டான ஒரு பெரிய பாறை வளைவு 2017 மார்ச் 8ஆம் திகதி புயலில் முழுதாக விழுந்தது. அதன் மேல் நடக்க வேண்டாம் என்று தடை போட்டும் சனம் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. வேலிக்கு வெளியே காலைத் தூக்குகிற நம் தம்பிக்கு இந்தப் பாடம் தேவை இல்லையா? ஓங்கலின் விளிம்பு எந்த நேரமும் அடியில் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று விளங்கியவன் அந்த விளிம்பில் நிற்பானா?

மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்தக் கடலில் நீலத் திமிங்கிலம் வருகிறது. உலகத்தில் இருக்கிற மிகப் பெரிய உயிரினம். கரைக்கு இவ்வளவு கிட்ட அது வருவதற்குக் காரணம், திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் இருக்கிற ஆழமான பள்ளத்தாக்கு. மற்ற நாட்டுக்காரன் இலட்சக்கணக்கில் செலவழித்து வருகிறான். நம் மகள் அது மூச்சு விடுகிறதைக் காண வேண்டுமானால் செலவு பஸ் காசுதான்.

"இதெல்லாம் நல்ல கதைதான், ஆனா அவசியமா?" என்று கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று.

2004 டிசம்பர் 26. இந்த ஊரில் அந்தத் திகதிக்கு விளக்கம் தேவையில்லை. எல்லா வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. அதே காலையில் தாய்லாந்தின் புக்கட் தீவில் ஒரு கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி நின்றாள். கடல் நுரைத்துக்கொண்டு வழமைக்கு மாறாக நடப்பதைக் கண்டாள். இரண்டு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். கத்தினாள். தாய் தகப்பன் கேட்டார்கள், கரையைக் காலி செய்தார்கள். ஏறத்தாழ நூறு பேர் தப்பினார்கள்.

அவளுக்குப் புவியியலும் தெரிந்திருந்தது, கடலைப் பார்க்கவும் தெரிந்திருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். சுனாமிக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்கும் என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது சரியில்லை. சில கரைகளில் முதலில் ஏறியே வரும். இந்த வித்தியாசம் உயிர். அன்று நம் கரையில் பெரும்பாலான ஆண்கள் தப்பிய இடங்களிலும் பெண்களும் பிள்ளைகளும் போனார்கள். நீந்தத் தெரியவில்லை, ஓட உடுப்பு விடவில்லை, கடல் என்ன செய்யும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கடலோரத்தில் வாழ்கிற ஒரு பெண் பிள்ளைக்குக் கடலைக் காட்டாமல் வளர்ப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழும்பவில்லை.

ஆகவே ஊரிடம் எங்கள் கோரிக்கைகள்:

ஒன்று, அந்தத் தாளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்தித் தருகிறோம். உம்மாமார் வர விரும்பினால் இன்னொரு பஸ் பிடிக்கவும் தயார். அவர்களிலும் மலையைக் காணாதவர்கள் அதிகம்.

இரண்டு, மகள்மார் போகக் கூடாது என்றால் மகன்மாரும் போக வேண்டாம். ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள். ஆண் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போகும் பயணத்துக்கு நாங்கள் பொறுப்பெடுக்க மாட்டோம்.

மூன்று, போகிற எந்தப் பிள்ளையும் கோட்டைக்குள் சாப்பாட்டுப் பொதி கொண்டு போகாது, மானுக்கு எதுவும் கொடுக்காது, வேலியைத் தொடாது. திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு உரைப்பை இருக்கும். நாம் போட்டதையும் அள்ளுவோம், மற்றவர் போட்டதையும் அள்ளுவோம். அந்த அம்மாவின் கடை வாசலில் இருந்துதான் தொடங்குவோம்.

நான்கு, அடுத்த பெருநாளுக்கு முன் வரும் ஜும்ஆவில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசும்படி கதீப்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பேச்சைவிட மிம்பரின் பேச்சுக்கு இளைஞர்கள் காது கொடுப்பார்கள்.

கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவருக்கு, மரியாதையோடு: காக்கா, "பொம்புளப் புள்ளையளுக்கு என்னத்துக்கு மல" என்று கேட்டீர்கள். உங்கள் பேத்தியும் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறாள். கை உயர்த்தாதவர்களில் அவளும் ஒருத்தி. பயணம் சரிவந்தால் நீங்களும் வாருங்கள். முன் ஆசனம் உங்களுக்கு. மலையில் நின்று அவளிடமே கேளுங்கள், என்னத்துக்கு என்று. அவள் சொல்லுவாள்.

இதில் பிழை இருந்தால் அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும். நம் பிள்ளைகள் எல்லோரையும் அவனே பாதுகாக்கட்டும். ஆமீன்.

ஏசுகிறவர்கள் இனி ஏசலாம். பெயரைப் போட்டு ஏசுங்கள்.